கருகிய நாற்றுகளே என் முதல் ஆசிரியர்கள்

பசுமைக்குடிலில் மாணவியாக மாறிய ஓர் ஆசிரியையின் அனுபவம்

இரண்டு நாற்றுத் தட்டுகள். தட்டுக்கு 104 குழிகள். மொத்தம் 208 மிளகாய் விதைகள். எங்கள் பள்ளியின் படிவம் 4 விவசாயப் பாட மாணவர்கள் அவற்றை ஒவ்வொன்றாக விதைத்து, தண்ணீர் தெளித்து, தட்டுகளின் ஓரத்தில் தங்கள் பெயர்களையும் எழுதி வைத்தார்கள். பத்து நாளில் பாதிக் குழிகளில்தான் முளை தெரிந்தது. மூன்றாவது வாரம் முளைத்த நாற்றுகளின் இலை ஓரங்களும் பழுப்பு நிறமாகக் கருகத் தொடங்கின.

சத்து போதவில்லை என்று நினைத்தேன். உரக் கரைசலைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றச் சொன்னேன். நான்கே நாளில் மிச்சமிருந்தவையும் தலை சாய்ந்தன.

"டீச்சர், நீங்க சொன்ன மாதிரிதானே செஞ்சோம்?" என்று ஒரு மாணவன் கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் அந்தக் கேள்வி அதிகம் வலித்தது. பதில் என்னிடம் இல்லை.

நான் உயிரியல் படித்தவள். ஒளிச்சேர்க்கையையும் சவ்வூடு பரவலையும் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் வரைந்து விளக்கியவள். பள்ளியில் விவசாயப் பாடம் எடுத்த ஆசிரியர் மாற்றலாகிப் போனதும் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. பள்ளிக்குப் பின்புறம் பொலித்தீன் கூரையும் வலைச் சுவரும் கொண்ட ஒரு சிறிய குடிலும் கூடவே வந்தது. பாடநூல் இருக்கிறது, படித்துச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்றுதான் எண்ணினேன். செடிகள் பாடநூலைப் படிப்பதில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அந்த வகுப்பில் 19 பேர். "மற்ற பாடம் கிடைக்காததால் இங்கே வந்தோம்" என்று முதல் நாளே வெளிப்படையாகச் சொன்ன பிள்ளைகள். என்னைக் கேள்வி கேட்ட மாணவனின் அப்பா பெற்றோர் சந்திப்பின்போது என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "எங்கப்பா தோட்டத்துல பட்ட கஷ்டம் போதும் டீச்சர். என் பிள்ளையும் மண்ணைத் தோண்டணுமா?"

இப்படிப்பட்ட பிள்ளைகளின் கண்ணெதிரே நாற்றுகள் சாகும்போது சாவது நாற்று மட்டுமல்ல. "நாம் எதைத் தொட்டாலும் இப்படித்தான்" என்ற எண்ணத்துக்கும் அது உரமாகிவிடுகிறது. அதைத் தடுக்க வேண்டுமானால் முதலில் நான் கற்க வேண்டும். பள்ளி விடுமுறையில் ஒரு குறுகிய காலப் பயிற்சிக்குப் போனேன். பிறகு கேமரன் மலையில் கம்போங் ராஜா பக்கம் பல ஆண்டுகளாகத் தக்காளியும் குடைமிளகாயும் பயிரிடும் ஓர் அண்ணனின் குடிலில் சில நாள் நின்று கற்றேன்.

குளிரைத் தடுக்கப் பிறந்தது, மழையைத் தடுக்க வந்தது

பசுமைக்குடில் என்பது குளிர் நாடுகளில் பிறந்த யோசனை. கண்ணாடி வெயிலை உள்ளே விடுகிறது, சூடான காற்றை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிறது. பனி கொட்டும் காலத்திலும் உள்ளே செடி வளர்கிறது.

நம் நாட்டில் சூட்டுக்குப் பஞ்சமில்லை. பிறகு எதற்குக் குடில்? முதல் காரணம் மழை. மழைத்துளி மண்ணில் விழுந்து தெறிக்கும்போது பூஞ்சை வித்துகள் இலைக்கும் காய்க்கும் தாவுகின்றன. மிளகாய்ப் பழத்தில் வட்ட வட்டமாகக் குழி விழுந்து அழுகுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆந்தராக்னோஸ் என்னும் அந்த நோய் பெரும்பாலும் இப்படித்தான் பரவுகிறது. கனமழை உரத்தையும் அடித்துச் சென்றுவிடும். இரண்டாவது காரணம் பூச்சி. அதனால்தான் இங்கே பல இடங்களில் கூரைக்குப் பொலித்தீனும் சுவருக்கு வலையும் போட்ட மழைக்காப்புக் குடில்களைப் பார்க்கிறோம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பூச்சி நுழையாதபடி வலையின் கண்களைச் சிறிதாக்கினால் காற்றும் குறையும். காற்று குறைந்தால் உள்ளே சூடு ஏறும். வெப்பம் 35 பாகையை நெருங்கும்போது மிளகாய்ப் பூக்கள் காயாகாமலே உதிரத் தொடங்கிவிடும். சூடான காற்று மேலே எழும் என்பது நாம் படித்த அறிவியல். அதனால் நல்ல குடில் உயரமாக இருக்கும், உச்சியில் காற்று வெளியேறத் திறப்பும் இருக்கும்.

தானா ராத்தா ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள குளிர்ச்சி தக்காளிக்கும் குடைமிளகாய்க்கும் சாமந்திக்கும் பொருந்துகிறது. "டீச்சர், என் குடிலை அப்படியே பேராக்குக்குத் தூக்கிட்டுப் போனா ரெண்டே வாரத்துல பூவெல்லாம் கொட்டிடும்" என்றார் அந்த அண்ணன். குடில் ஒரு மந்திரப் பெட்டி அன்று. எந்த இடத்தில், எந்தப் பயிருக்கு, எதைத் தடுக்க என்று மூன்று கேள்விக்கும் விடை சொல்லிவிட்டே கட்ட வேண்டியது அது.

நம் தாத்தாக்களை இங்கே கொண்டு வந்த கண்ணாடி வீடு

பயிற்சியிலிருந்து திரும்பியதும் வகுப்பில் நான் முதலில் சொன்னது ஒரு வரலாறு.

1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 இரப்பர் விதைகளைக் கப்பலில் இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். க்யூ தாவரவியல் பூங்காவின் கண்ணாடி வீடுகளில் அவை விதைக்கப்பட்டன. முளைத்தவை 3,000க்கும் குறைவு. இரப்பர் விதை உலர்ந்தால் விரைவில் முளைப்புத்திறனை இழந்துவிடும். மாதக்கணக்கில் சேமித்து வைக்கக்கூடிய மிளகாய் விதையைப் போன்றது அன்று அது.

அந்தக் கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயின. அவை பயணம் செய்ததும் சிறு கண்ணாடி வீடுகளில்தான். நத்தானியல் வார்டு என்ற லண்டன் மருத்துவர் வடிவமைத்த கண்ணாடிப் பெட்டிகள் அவை. கடல் உப்புக் காற்று உள்ளே படாது. செடி வெளியிடும் ஈரமே கண்ணாடியில் படிந்து மீண்டும் வேருக்கு இறங்கும். 1877இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்தவை 22 கன்றுகள். அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. 1888இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையை ஆராய்ந்து, தோட்ட முதலாளிகளை இரப்பர் பயிரிடத் தூண்டினார். அதன் பிறகு நடந்தது நம் குடும்பக் கதை. அந்த மரங்களுக்குப் பால் வெட்டத்தான் நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் கப்பலேறி வந்தார்கள்.

"70,000இல் 3,000 என்றால் எத்தனை விழுக்காடு?" என்று கேட்டேன். கணக்கு என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைகள் கைப்பேசியை எடுத்தார்கள். 4 விழுக்காட்டைக் கொஞ்சம் தாண்டியது. "அப்படின்னா நம்ம தட்டுல முளைச்சது அதைவிடப் பரவாயில்லையே டீச்சர்!" என்றது ஒரு குரல். வகுப்பே சிரித்தது. கருகிய நாற்றுகளைப் பற்றி நாங்கள் முதன்முதலாக வெட்கமில்லாமல் பேசியது அன்றுதான்.

குற்றவாளி யார்?

நாற்று கருகியதன் காரணத்தைப் பயிற்சியின் இரண்டாம் நாளே நான் கண்டுபிடித்துவிட்டேன். நாங்கள் பயன்படுத்தியது செங்கல் போல் அழுத்தி விற்கப்படும் தேங்காய் நார்த்தூள். தண்ணீரில் ஊறவைத்து, உதிர்த்து, அப்படியே தட்டில் நிரப்பினோம். கழுவவில்லை.

நார்த்தூளில் இயல்பாகவே உப்பு இருக்கும். தென்னை கடலோரத்தில் வளர்ந்ததாக இருந்தாலோ மட்டையை உப்புநீரில் ஊறவைத்திருந்தாலோ இன்னும் கூடும். வேரைச் சுற்றியுள்ள நீரில் உப்பு மிகுந்தால் வேருக்குள் நீர் நுழைவது கடினமாகிவிடும். எதிரில் தண்ணீர் இருந்தும் செடி தாகத்தால் வாடும். இதுதான் சவ்வூடு பரவல். ஆண்டுதோறும் நான் கரும்பலகையில் வரைந்த அதே படம். அது என் கண்ணெதிரே தட்டில் நடந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. உரமும் ஒரு வகை உப்புதான் என்பதை மறந்து மேலும் உரம் ஊற்றினேன். தாகத்தில் இருந்தவனுக்குக் கடல்நீரைக் கொடுத்த கதை.

இதைக் கண்டுபிடிக்க உதவுவது பேனா அளவிலான ஒரு கருவி. நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் அதைக் களத்தில் எல்லாரும் 'இ.சி. மீட்டர்' என்கிறார்கள். தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். உப்பு கரைய கரையக் கடத்துதிறன் கூடும். பயிரின் வயதைப் பார்த்து இந்த எண்ணைக் கூட்டுகிறார்கள். மிளகாய் நாற்றுக்கு 1.2 அளவில் தொடங்கி, காய்க்கும் பருவத்தில் 2-க்கு மேல் கொண்டு போவார்கள். நான் மிச்சம் வைத்திருந்த நார்த்தூளைப் பிழிந்து அளந்தபோது திரையில் தெரிந்த எண் 3-ஐத் தாண்டியிருந்தது.

பள்ளி திறந்ததும் நடந்ததை அப்படியே மாணவர்களிடம் சொன்னேன். "தப்பு உங்களுடையது அல்ல, என்னுடையது. ஆனால் நான் சொல்வதையும் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. சோதித்துப் பார்ப்போம்" என்றேன்.

நார்த்தூளை மூன்று பங்காகப் பிரித்தோம். ஒன்று கழுவாதது. ஒன்று ஒரே முறை கழுவியது. மூன்றாவது, வடியும் நீரின் இ.சி. 0.5-க்குக் கீழே இறங்கும்வரை கழுவியது. பங்குக்கு 30 விதை. ஒரே பாக்கெட் விதை, ஒரே குழாய்த் தண்ணீர், ஒரே மேசை. மாறுவது ஒன்றே ஒன்றுதான். பதினான்காம் நாள் எண்ணினோம். கழுவாததில் 11, ஒருமுறை கழுவியதில் 19, நன்றாகக் கழுவியதில் 27.

வழக்கமாகப் பின்வரிசையில் உட்காரும் ஒரு மாணவி கை தூக்கினாள். "ஒரே ஒரு தடவை செஞ்சதை வெச்சு முடிவு சொல்லிடலாமா டீச்சர்? இன்னொரு தடவை செஞ்சா வேற மாதிரி வந்தா?" ஆய்வுக் கூடத்தில் எத்தனை ஆண்டு சொல்லிக் கொடுத்தாலும் எளிதில் வராத கேள்வி அது. இரண்டாம் முறையும் செய்தோம். எண்கள் கொஞ்சம் மாறின, வரிசை மாறவில்லை.

ஏ வாளி, பி வாளி

மண்ணில்லாமல் நார்த்தூளில் வளரும் செடிக்குத் தண்ணீரோடு சேர்த்தே உணவு கொடுக்க வேண்டும். இதை உரநீர்ப் பாசனம் என்கிறோம். மலாயில் ஃபெர்திகாசி. மெல்லிய குழாய் வழியே ஒவ்வொரு பைக்கும் சொட்டுச் சொட்டாகக் கரைசல் போகும்.

உரக் கரைசலை ஏ, பி என்று இரண்டு வாளிகளில் தனித்தனியாகத்தான் தயாரிப்பார்கள். ஏ வாளியில் கால்சியம் நைட்ரேட்டும் இரும்புச் சத்தும். பி வாளியில் பாஸ்பேட்டு, மக்னீசியம் சல்பேட்டு, மற்ற நுண்சத்துகள். ஒரே வாளியில் கெட்டியாகக் கலந்தால் என்ன? ஒரு கண்ணாடிக் குவளையில் செய்து காட்டினேன். தெளிவாக இருந்த இரண்டு நீரும் சேர்ந்ததும் வெள்ளையாகக் கலங்கி, அடியில் படிவு விழுந்தது. கால்சியம் சல்பேட்டோடும் பாஸ்பேட்டோடும் சேர்ந்து கரையாத பொருளாகிவிடுகிறது. செடிக்குப் போக வேண்டிய சத்து வாளியின் அடியில் தங்கிவிடும், சொட்டுக் குழாயும் அடைபடும். வேதியியலில் 'வீழ்படிவு' என்று மனப்பாடம் செய்த சொல்லை அன்று எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள்.

நூறு மடங்கு கெட்டியான கரைசல் என்றால் 300 லிட்டர் தொட்டிக்கு ஏ-யில் 3 லிட்டர், பி-யில் 3 லிட்டர். முதலில் தொட்டியில் நீர் நிரப்ப வேண்டும். பிறகு ஏ ஊற்றிக் கலக்கி, அதன் பின்னரே பி. கடைசியில் இ.சி.யையும் பி.எச். அளவையும் பார்க்க வேண்டும். பி.எச். 5.5-க்கும் 6.5-க்கும் இடையே இருந்தால் பெரும்பாலான சத்துகள் வேருக்குக் கிடைக்கும். அதற்கு மேலே ஏறினால் இரும்பு தொட்டியில் இருந்தும் செடிக்கு எட்டாது.

இலையைப் படிக்கவும் கற்றோம். கீழே உள்ள முதிர்ந்த இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். தழைச்சத்து செடிக்குள் இடம் மாறக்கூடியது. பற்றாக்குறை வந்தால் மூத்த இலையிலிருந்து எடுத்து இளந்தளிருக்குக் கொடுத்துவிடும். இரும்பு அப்படி நகராது. அதனால் அது குறைந்தால் நரம்பு பச்சையாக இருக்க, இளம் இலைதான் வெளுக்கும். "பெரியவங்க சாப்பிடாம பிள்ளைக்குக் கொடுக்கிற மாதிரி" என்று ஒரு மாணவன் குறிப்பேட்டில் எழுதியிருந்தான். இதைவிட நன்றாக என்னால் விளக்கியிருக்க முடியாது.

சொட்டுக் குழாய்கள் எல்லாம் ஒரே அளவு தருகின்றனவா என்று பார்க்க, ஒவ்வொன்றின் கீழும் ஒரு குவளை வைத்து ஐந்து நிமிடம் பிடித்து அளந்தோம். சில குவளைகள் பாதிகூட நிறையவில்லை. அந்தச் சொட்டிகளைக் கழற்றிக் கழுவினோம். பையின் அடியில் வடியும் நீரையும் அளந்தோம். ஊற்றியதில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் வடியவில்லை என்றாலோ, வடிந்த நீரின் இ.சி. ஊற்றியதைவிட வெகுவாக ஏறியிருந்தாலோ, உள்ளே உப்பு சேர்கிறது என்று பொருள். முதல் நாற்றுகளுக்கு நேர்ந்தது மறுபடியும் வரப்போகிறது என்பதற்கான எச்சரிக்கை அது.

திறந்து கிடந்த கதவு

எல்லாம் சரியாகப் போனது என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை.

செடிகள் பூவெடுத்த வாரம் பள்ளியில் கூட்டுத் துப்புரவுப் பணி நடந்தது. அன்று குடிலின் கதவு வார இறுதி முழுவதும் திறந்து கிடந்தது. யார் திறந்தது என்று நான் விசாரிக்கவில்லை. பூட்டிப் பார்த்துவிட்டுப் போவது என் பொறுப்பு. திங்கட்கிழமை மஞ்சள் ஒட்டுப்பொறியில் வெள்ளை ஈக்கள் ஒட்டியிருந்தன. இரண்டு வாரத்தில் ஒன்பது செடிகளின் நுனி இலைகள் சுருண்டு, சிறுத்து, மஞ்சள் படர்ந்தன. வெள்ளை ஈ சுமந்து வரும் இலைச்சுருட்டு நச்சுயிரி. ஈயைக் கட்டுப்படுத்த வழியுண்டு. நோய் கண்ட செடியைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது.

ஒவ்வொரு செடிக்கும் ஒரு மாணவன் பொறுப்பு, அவன் பெயரே பையில் எழுதியிருக்கும். "டீச்சர், இன்னும் ஒரு வாரம் பார்க்கலாமே" என்று சிலர் கெஞ்சினார்கள். அந்த ஒரு வாரத்தில் மற்ற செடிகளுக்கும் பரவும் என்பதை ஒட்டுப்பொறியின் எண்ணிக்கையைக் காட்டி விளக்கினேன். முடிவை அவர்களிடமே விட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு முதல் நாள் என்னைக் கேள்வி கேட்ட அதே மாணவன் தன் செடியைத் தானே பிடுங்கி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினான். மற்ற எட்டுப் பேரும் அவனைப் பின்பற்றினார்கள். மறுநாள் கதவுக்கு உள்ளே இரண்டாவது கதவுபோல ஒரு வலைத்திரை தொங்கியது. ஒன்றைச் சாத்திய பிறகே இன்னொன்றைத் திறக்க வேண்டும் என்று அவன் கையெழுத்தில் ஓர் அட்டையும் இருந்தது.

எஞ்சிய செடிகள் காய்த்தன. பூக்கும் காலத்தில் காலை வேளையில் செடிகளை மெல்லத் தட்டி விடுவோம். மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே காயாகக்கூடியது. ஆனால் வலைக்குள் காற்றாட்டம் குறைவு என்பதால் அந்தச் சிறு அசைவு உதவும். நட்ட மூன்றாம் மாதம் முதல் பறிப்பு. பள்ளிச் சிற்றுண்டிச் சாலை அக்கா நிறுத்துப் பார்த்து வாங்கிக்கொண்டார்.

செம்பருத்திக் கிளையும் ஒரு தாத்தாவும்

ஒரு நாள் மாலை அந்த மாணவனை அழைத்துப் போக அவன் தாத்தா வந்தார். குடிலைச் சுற்றிப் பார்த்தார். நார்த்தூளைக் கையில் எடுத்துப் பிழிந்தார், ஈரம் சரிதான் என்பதுபோல் தலையாட்டினார். "நான் தோட்டத்து நாற்றுமேடையில ஒட்டுக்கட்டினவன் டீச்சர்" என்றார்.

பேரனுக்கே அது தெரியாது. தாத்தா பால் வெட்டினார் என்றுதான் அவன் கேள்விப்பட்டிருக்கிறான். அதிகப் பால் தரும் மரத்தின் மொட்டை எடுத்து, விதையில் முளைத்த கன்றில் ஒட்டி, அதே குணமுள்ள மரமாக வளர்ப்பது ஒட்டுக்கட்டுதல். நாட்டின் இரப்பர் விளைச்சலை உயர்த்திய தொழில்நுட்பங்களில் அது முக்கியமானது. லயத்து வீட்டில் குடியிருந்தவர்களில் பலரும் அந்த வேலையைக் கத்தி முனையில் கற்றவர்கள். சான்றிதழ் இல்லாததால் நாம் அதைப் படிப்பு என்று எண்ணவில்லை.

அடுத்த வாரம் அவரையே வகுப்புக்கு அழைத்தோம். வேலியோரச் செம்பருத்தியில் செய்து காட்டினார். பட்டையில் சிறு சன்னல் போல வெட்டி, அதே அளவில் மொட்டுள்ள பட்டையை இன்னொரு கிளையிலிருந்து உரித்துச் செருகி, பொலித்தீன் நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்றினார். "மேலேருந்து சுத்தினா மழைத்தண்ணி உள்ளே போயிடும்" என்றார். மாணவர்கள் கட்டிய நான்கில் இரண்டு மூன்று வாரத்துக்குப் பிறகும் பச்சையாக இருந்தன. தாத்தா கட்டியது தளிர்விட்டது.

பேரனின் அப்பா மனம் மாறிவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. அடுத்த பெற்றோர் சந்திப்பில் அவர் "மண்ணைத் தோண்டணுமா" என்று கேட்கவில்லை. "இதுக்கு மேல எங்கே படிக்கலாம்?" என்று கேட்டார்.

எங்கே படிக்கலாம்?

இதே கேள்வி உங்களுக்கும் இருக்கலாம். படிவம் 4, 5 மாணவர்களுக்கு விவசாயம் விருப்பப் பாடமாக உண்டு. கீழ்நிலைப் படிவங்களின் வடிவமைப்புத் தொழில்நுட்பப் பாடத்தில் மீனும் செடியும் சேர்த்து வளர்க்கும் அக்குவாபோனிக் முறை இடம்பெறுகிறது. செய்து பழகும் கல்வியை விரும்புவோருக்கு விவசாயத் தொழிற்கல்லூரிகளும் விவசாயத் துறையின் பயிற்சிக் கழகங்களும் உள்ளன. பட்டப்படிப்புக்குச் செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகம் பழம்பெரும் இடம். 1931இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கியது அது. என்னைப் போல் ஆசிரியராக விரும்பினால் தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகத்தில் விவசாய அறிவியல் கல்வி படிக்கலாம். தகுதி விதிகள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் விவரங்களைப் பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இப்படிப்பைப் படித்தவர்கள் எல்லாரும் விவசாயி ஆவதில்லை. விதை நிறுவனம், நாற்றுப் பண்ணை, பூங்கா பராமரிப்பு, உர ஆய்வுக்கூடம், பாசனக் கட்டுப்பாட்டுக் கருவி வடிவமைப்பு என்று பல வழிகள் உண்டு. மின்னணுவியல் படிக்கும் மாணவருக்கும் குடிலில் வேலை இருக்கிறது.

அதற்கு முன் வீட்டிலேயே தொடங்கலாம். குடில் வேண்டாம், தாழ்வாரம் போதும். ஐந்து பைகள், கழுவிய நார்த்தூள், நல்ல விதை, ஒரு குறிப்பேடு. ஐந்தில் ஒன்றை மட்டும் ஏதாவது ஒரு விதத்தில் மாற்றி வையுங்கள். வெயில் அல்லது தண்ணீர் அல்லது உரம். நாள்தோறும் இரண்டு வரி எழுதுங்கள். செடி செத்தால் தூக்கி எறிவதற்கு முன் வேரைக் கழுவிப் பாருங்கள். வெள்ளையாக உறுதியாக இருந்ததா, பழுப்பாகக் குழைந்திருந்ததா? குழைந்த வேர் என்றால் தண்ணீர் அதிகமாகியிருக்கக்கூடும். செத்த செடியும் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போகும். எழுதி வைத்தவருக்கே அது புரியும்.

இப்போது எங்கள் குடிலில் பழைய செடிகளை அகற்றிவிட்டோம். சொட்டுக் குழாய்கள் ஊறிக்கொண்டிருக்கின்றன. புதிய படிவம் 4 மாணவர்கள் வந்துவிட்டார்கள். திங்கட்கிழமை அவர்களுக்கு முதல் பாடம். அதை நடத்தப் போவது நான் அல்ல, படிவம் 5-க்குப் போன பழைய மாணவர்கள். என்ன சொல்லிக் கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"முதல்ல நார்த்தூளைக் கழுவச் சொல்வோம் டீச்சர்" என்றார்கள்.